வளைவுப் பாலங்களை அகற்றும் முறை

செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டப்பட்ட பழைய வளைவுப் பாலங்கள் பல இன்றும் நம் நாட்டில் பயன்பட்டு வருகின்றன. போக்குவரத்துப் பெருகும்போது இவற்றுள் சிலவற்றை அகற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது. சுவரை இடிப்பது போல் இவற்றை இடிக்க முற்படுவது பேராபத்தாகும். இதற்கான காரணம் வளைவின் இயல்பிலேயே உள்ளது.

உந்துவிசை

ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதனாலேயே வளைவு நிலைபெறுகிறது. அது சுமையைக் கீழே இறக்குவதோடு, இரு முனைகளையும் வெளிப்புறமாகத் தள்ளவும் செய்கிறது. 10 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பாலக் கண்ணில், மீட்டருக்கு 4 டன் சுமை சீராகப் பரவியிருப்பதாகக் கொள்வோம். சுமை வீதத்தை அகலத்தின் இருமடியால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைவிசை கிடைக்கும். அது இங்கு 20 டன் ஆகும். உயரம் பாதியானால் விசை 40 டன்னாக உயரும்.

பல கண்களுள்ள பாலத்தில், இடைத்தூணின் இருபுறத்து உந்துவிசைகளும் ஒன்றையொன்று சமன் செய்கின்றன. ஒரு கண்ணை மட்டும் இடித்தால் அச்சமநிலை குலையும். மெலிந்த தூண் சாயும். அடுத்தடுத்த கண்களும் சரியக்கூடும். இதைத் தடுக்கவே நீண்ட பாலங்களில் சில கண்களுக்கு ஒன்றாகப் பருத்த தூண்களை அமைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இடிக்கும் ஒழுங்கு

முதலில் சாலைத் தளமும் அதன் கீழுள்ள மண் நிரப்பும் அகற்றப்படும். உச்சியின் இருபுறமும், எல்லாக் கண்களிலும், சம அளவிலேயே அகற்றுதல் வேண்டும். கற்களைப் பிரிக்கும் முன் செண்டரிங் எனப்படும் சாரத்தால் வளைவைத் தாங்க வேண்டும். தூண்களுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். கனரக இயந்திரங்கள் வளைவின் மேல் நிற்கலாகாது. தொழிலாளர் எவரும் அதன் கீழ் இருக்கலாகாது. சாரம் அமைக்க இயலாத இடங்களில் கட்டுப்படுத்தப்பட்ட வெடிவைப்பு முறை உதவுகிறது.

அமிர்தாஞ்சன் பாலம்

மகாராஷ்டிரத்தின் போர் கணவாயில் 1830-ஆம் ஆண்டு கட்டப்பட்ட கல் வளைவுப் பாலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கிருந்த வலி நிவாரணி விளம்பரத்தால் அது அமிர்தாஞ்சன் பாலம் எனப் பெயர் பெற்றது. மும்பை-புனே விரைவுச் சாலை அதன் அடியில் சென்றதால், தூண்கள் வாகனங்களுக்கு இடையூறாயின. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கினால் போக்குவரத்துக் குறைந்திருந்தபோது, ஏப்ரல் 5-ஆம் நாள் அப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

கட்டும்போது வரைபடம் கேட்கும் அலுவலர், இடிக்கும்போதும் படிப்படியான செயல்முறைத் திட்டத்தை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் பெறுதல் அவசியமாகும். தொழிலாளரின் உயிர்ப் பாதுகாப்பு அவ்வொழுங்கையே பொறுத்துள்ளது.