மழைக்காலத்தில் காரைக் காக்க...

● அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் டயர்களைக் கவனியுங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

● டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

● காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாகும் முன்பே பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

● தேங்கிய நீரைக் கடந்தே தீர வேண்டுமென்றால் முதல் கியரில், நிறுத்தாமல், மெதுவாகச் செல்லுங்கள். கடந்தபின் பிரேக்கை லேசாக விட்டுவிட்டு அழுத்தினால் ஈரம் போகும்.

● நீருக்குள் என்ஜின் அணைந்துவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து, செலவு பெரிதாகிவிடும். வண்டியை மேட்டுக்குத் தள்ளி, மெக்கானிக்கை அழையுங்கள்.

● இந்தச் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பெரும்பாலும் இழப்பீடு கிடைக்காது. ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தாழ்வான பகுதியில் வசிப்பவர்களுக்கு அது மிக அவசியம்.