சின்ன பல்கலைக்கழகம்தானே என்று ஒதுக்காதீர்கள்



சுங்கை ஊடாங்கில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்தவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, சின்ன யூனிவர்சிட்டியில இன்ஜினியரிங் படிச்சா மதிப்பு இருக்குமா?" இன்ஜினியரிங் மாணவனாகச் சொல்கிறேன், பல்கலைக்கழகத்தின் அளவைவிட படிப்பின் அங்கீகாரம்தான் முக்கியம்.

நம் மாநிலத்தின் டுரியான் துங்காலில் உள்ள யூடெம் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 2000-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2007-இல் முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே பொறியியல், பொறியியல் தொழில்நுட்பம் என இரண்டு வகைப் பட்டப்படிப்புகள் உண்டு. பெயர் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் பாதை வேறு.

முதலாவதில் கணக்கும் வடிவமைப்பும் கூடுதல். இரண்டாவதில் செய்முறை கூடுதல். மலேசியப் பொறியாளர் வாரியத்தில் முதலாவதைப் படித்தவர் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம். இரண்டாவதற்குப் பதிவு வேறு. வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009 முதல் உறுப்பு நாடு என்பதால், அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. ஆகவே யு.பி.யு. பாரத்தை நிரப்புமுன் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பைத் தேடிப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு பாடத்தோடு நின்றுவிடாதீர்கள். பொறியியல் படிப்பில் குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சி கட்டாயம். நம்ம ஊரிலேயே பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கு. இடம் கேட்டு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். மாணவர் கழகத்தில் ஒரு பொறுப்பையாவது எடுங்கள். ஆள் குறைவான இடத்தில் வாய்ப்பு நம் கைக்குச் சீக்கிரம் வரும். கேட்கிறவருக்குத்தான் கிடைக்கும்.