பற்றரியில் நீர் ஏன் குறைகிறது? – ஈயத்தின் மேல் அந்திமனி

குறிகட்டுவான் துறையில் நிற்கும் வள்ளங்களின் இயந்திரங்களைத் தொடக்குவது பெரும்பாலும் ஈய அமிலப் பற்றரியே. 1990 இன் பின் பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்த யாழ்ப்பாணத்தில் வானொலி கேட்க உதவியவை சைக்கிள் டைனமோவும் இப்பற்றரியும்தான். ஆகவே இந்தப் பாடம் தீவகத்தாருக்குப் புதிதன்று.

பற்றரியின் மறைத்தகடு ஈயம், நேர்த்தகடு ஈயவீரொட்சைட்டு, மின்பகுபொருள் ஐதான சல்பூரிக்கமிலம். மின்னிறக்கத்தின்போது:

ஈயம் + ஈயவீரொட்சைட்டு + சல்பூரிக்கமிலம் → ஈயசல்பேற்று + நீர்

தூய ஈயம் மென்மையானது. தகட்டின் சட்டம் வளையாதிருக்க 1881 அளவிலிருந்து அதனுடன் அந்திமனி கலக்கப்பட்டு வந்தது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மின்னேற்றும்போது நேர்த்தகட்டின் சட்டம் சிறிது சிறிதாக அரிக்கப்பட, அந்திமனி அயன்களாக அமிலத்தில் கரைந்து மறைத்தகட்டை அடைகிறது. அங்கே ஈயத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதுவே புறத்துறிஞ்சல். (பஞ்சு நீரை உள்ளிழுப்பது அகத்துறிஞ்சல். இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்போர் பலர்.)

ஒட்டியதோடு விடயம் முடிவதில்லை. மின்னிரசாயனத் தொடரில் ஈயம் ஐதரசனுக்கு மேலேயும் அந்திமனி கீழேயும் உள்ளன. எனவே ஈயம் இலத்திரன்களைக் கொடுக்க, அந்திமனி அயன் தாழ்த்தப்பட்டு உலோகமாகப் படிகிறது. செப்புச்சல்பேற்றுக் கரைசலில் இட்ட இரும்பாணியில் செம்பு படிவதும் இவ்வகைத் தாக்கமே.

தூய ஈயத்தின் மேற்பரப்பில் ஐதரசன் வாயு எளிதில் உண்டாகாது. பற்றரி நிலைத்திருப்பதே இதனால்தான். அந்திமனி படிந்த இடங்களிலோ அது இலகுவாக வெளிவருகிறது. விளைவு இரண்டு: மின்னேற்றும்போது நீர் பிரிந்து வாயுவாகப் போகிறது, சும்மா வைத்திருந்தாலும் ஈயம் அமிலத்துடன் தாக்கமுற்று மின் இறங்குகிறது.

இழக்கப்படுவது நீரே, ஆகவே நிரப்ப வேண்டியதும் காய்ச்சி வடித்த நீரே, அமிலமன்று. தீவகத்தின் உவர்க்கிணற்று நீரை ஊற்றவே கூடாது. அதிலுள்ள குளோரைட்டு நேர்த்தகட்டை அரிக்கும். மின்னேற்றும் இடம் காற்றோட்டமாக இருக்கவேண்டும். ஐதரசன் வெடிக்கக்கூடியது, அளவுமீறி மின்னேற்றினால் அந்திமனி ஐதரைட்டு என்னும் நச்சுவாயுவும் சிறிதளவு உண்டாகலாம்.

1935 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் அந்திமனிக்குப் பதிலாகக் கல்சியம் கலந்த ஈயத்தை அறிமுகப்படுத்தினர். நீர் ஊற்றத் தேவையற்ற மூடிய பற்றரிகளில் இன்று அதுவே பயன்படுகிறது. அதற்காக அந்திமனியை முற்றாகக் குறைசொல்ல முடியாது. அடிக்கடி முழுமையாக மின்னிறக்கி ஏற்றப்படும் பற்றரிகளில் நேர்த்தகட்டை உறுதியாக வைத்திருப்பது அதுதான்.

மாதிரி வினா: பழைய பற்றரியொன்று பயன்படுத்தாமல் வைத்திருந்தும் மின்னை இழந்தது. காரணம் தருக.
விடை: மறைத்தகட்டில் படிந்த அந்திமனியில் ஐதரசன் அயன்கள் இலகுவாகத் தாழ்த்தப்படுகின்றன, அதற்கான இலத்திரன்களைக் கொடுத்து ஈயம் ஈயசல்பேற்றாக மாறுகிறது.