பாடக் காணொளியும் அதற்குரிய கருவிகளும்

ஆசிரியர் வகுப்பில் கூறும் பாடம் அவ்வகுப்பின் நான்கு சுவர்களைக் கடந்து செல்வதில்லை. அன்று வாராத மாணவன் அதனை இழக்கிறான். வந்தும் விளங்காதவன் மீண்டும் கேட்க நாணி வாளாவிருக்கிறான். பாடத்தைக் காட்சியாகவும் ஒலியாகவும் பதிந்து வைத்தால் இவ்விரு குறைகளும் பெரும்பாலும் நீங்கும். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். விளங்காத பகுதியைப் பத்து முறை திருப்பிக் கேட்கலாம். பத்தாம் முறையும் ஆசிரியர் சினந்துகொள்வதில்லை! இவ்வாறு பதிவு செய்யப்பெற்ற பாடத்தையே பாடக் காணொளி என வழங்குகிறோம். அதனை ஆக்குவதற்கு எத்தகைய கணினியும் பிற கருவிகளும் வேண்டும், அவற்றை எம்முறையில் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

காட்சியால் அறிவூட்டும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதியது அன்று. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் தாதாசாகிப் பால்கே 1912-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் சென்றார். அவர் செல்வர் அல்லர். தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களை ஈடு வைத்துப் பொருள் திரட்டியவர். ஆதலின் கண்ட கருவிகளை எல்லாம் வாங்கிவிடவில்லை. திரைப்பட இதழாசிரியர் ஒருவரையும், படமெடுப்பதில் தேர்ந்தவரையும் கண்டு வினவித் தெளிந்து, அதன் பின்னரே வில்லியம்சன் காமிரா ஒன்றை வாங்கினார். ஊர் திரும்பியவர் முதலில் எடுத்தது புராணக் கதை அன்று. தொட்டியில் பட்டாணி விதைத்து, அதன் முன் காமிராவை நிறுத்தி, விதை முளைத்துச் செடியாகும் வரை சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். பல நாள் நிகழ்ந்த வளர்ச்சி திரையில் சிறு பொழுதிற்குள் நிகழக் கண்டோர் வியந்தனர். 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது அதன் பின்னர், 1913-இல்தான். பட்டாணிப் படத்துக்கு வேண்டியிருந்தவை ஒரு காமிரா, ஒரு தொட்டி, மிகுந்த பொறுமை ஆகிய மூன்றே.

நம் காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றைக் காண்போம். அமெரிக்க நாட்டில் வாழும் சல்மான் கான் என்பார், 2004-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் இருந்தவாறே, தொலைவில் நியூ ஆர்லியன்சில் இருந்த தங்கை முறைச் சிறுமி ஒருத்திக்குக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். (பெயர் ஒற்றுமையால் இவரை இந்தித் திரைப்பட நடிகர் என மயங்கற்க.) 2006-இல் பாடங்களைப் பதிந்து யூடியூப் தளத்தில் இட்டார். 'கான் அகாடமி' என்னும் கல்வி நிறுவனம் அதிலிருந்தே வளர்ந்தது. அவர் கையாண்டவை எளிய கருவிகளே: ஒரு கணினி, அதனோடு இணைத்து எழுதும் எண்மப் பலகை ஒன்று, ஓர் ஒலிவாங்கி. கரிய திரையில் பல வண்ணங்களில் கணக்கு வளர்ந்துகொண்டே வரும். குரல் மட்டும் உடன் வரும். அவருடைய முகம் திரையில் தோன்றாது. கணக்குக் கற்போன் காண வேண்டுவது அடுத்த வரியை அன்றோ? முகத்தைக் காட்டாமையால், காமிராவும் விளக்குகளும் அவருக்குத் தேவைப்படவில்லை. எதைக் காட்ட வேண்டும் என்பது தெளிவானால், எதை வாங்க வேண்டுவதில்லை என்பதும் தெளிவாகும்.

எனவே கடைக்குச் செல்லும் முன் சில வினாக்களுக்கு விடை காண வேண்டும். இப்பாடத்தைக் காண்போர் யாவர்? எக்கருவியில், எத்தகைய இடத்தில் காண்பர்? 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றபோது, தமிழ்நாட்டு மாணவர் பலர் கல்வித் தொலைக்காட்சி வாயிலாகவும் கைப்பேசி வாயிலாகவும் பாடம் கேட்டனர். வீடு முழுமைக்கும் ஒரே கைப்பேசி இருந்த குடும்பங்கள் பல. தந்தை வேலையினின்று திரும்பிய பின்னரே அது மகளின் கைக்கு வரும். தம்பி தோள்மேல் எட்டிப் பார்ப்பான். அடுப்படியில் பாத்திர ஓசை எழும். தெருவில் வண்டிகள் செல்லும். அச்சிறுமிக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள் ஆசிரியர் எழுதியது தெரியாமலும் கூறியது கேளாமலும் போனால், அன்றைய பாடம் அவளுக்கு இல்லை. பள்ளிகள் திறந்தபின்னும் பாடக் காணொளிகள் பெரும்பாலும் கைப்பேசியிலேயே காணப்படுகின்றன. ஆதலின், அச்சிறுமியின் கையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எண்ணுதலே கருவி தேர்தற்கு நல்ல வழி.

ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். கரும்பலகையின் அகலம் எட்டடி, அஃதாவது ஏறத்தாழ 240 சென்டிமீட்டர். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தால் அதன் திரையின் அகலம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். பலகை முழுவதையும் படத்தில் அடக்கினால் ஒவ்வொன்றும் பதினெட்டில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். பலகையில் 4 சென்டிமீட்டர் உயரமாக எழுதிய எழுத்து, திரையில் இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். அதன் தலைமேல் இட்ட புள்ளி ஊசிமுனை ஆகிவிடும். எழுதியிருப்பது 'க' என்பதா, 'க்' என்பதா என்று அறிவது எங்ஙனம்? இக்குறையை விலைமிக்க காமிராவால் நீக்கலாம் எனக் கருதுவோர் உளர். சாதாரணமான உயர்தெளிவுப் படம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 'ஃபோர்-கே' எனப்படும் படத்தில் 82,94,400 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு உள்ளன. ஆயினும் சிறுமியின் திரை நான்கு மடங்கு பெரிதாவதில்லை. பலகையின் பாதியை மட்டும் படத்துக்குள் கொண்டு, எழுத்தையும் சற்றுப் பெரிதாக எழுதினால், ஒரு காசும் செலவின்றி எழுத்து இரு மடங்குக்கு மேலாகும்.

இனி ஒலியைக் காண்போம். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் பொருள் முழுவதையும் காமிராவுக்கே செலவிட்டு, ஒலிவாங்கியை மறந்துவிடுகின்றனர். படம் சற்று மங்கினாலும் மாணவன் பொறுத்துக்கொள்வான். சொல் விளங்காவிடில் பாடத்தை நிறுத்திவிடுவான். மக்கள் 'மைக்' என வழங்கும் ஒலிவாங்கிக்கே முதற்பணத்தை ஒதுக்குதல் வேண்டும். ஒலி தன் பிறப்பிடத்தினின்று செல்லச் செல்ல, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகின்றது. வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் உள்ள ஒலிவாங்கியை அடையும் குரலின் வலிமையில், பத்துச் சாண் தொலைவில் உள்ளதை நேராக வந்தடைவது நூற்றில் ஒரு பங்கே. மின்விசிறியின் இரைச்சலோ அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாகப் பரவியிருக்கும். காமிராவில் உள்ள ஒலிவாங்கியையே நம்பினால், ஆசிரியரின் குரலினும் விசிறியின் ஓசையே முன் நிற்பதற்கு இதுவே காரணம். சட்டையிலோ சேலை முந்தானையிலோ குத்திக்கொள்ளும் சிறிய காலர் மைக் ஒன்று, மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருந்தால் போதும். எளிய காமிராவின் குறைகளையும் அது பெரும்பாலும் மறைத்துவிடும்.

அதனை வாங்கும்போது அதன் முனையையும் நோக்க வேண்டும். கைப்பேசியின் வட்டத் துளைக்கு உரிய முனையில் மூன்று கரிய வளையங்கள் இருக்கும். காமிராவுக்கு உரியதில் இரண்டே இருக்கும். மாற்றி வாங்கினால் ஒன்றும் பதிவாகாது போகலாம். இக்காலக் கைப்பேசிகள் பலவற்றில் வட்டத் துளையே இல்லை; அவற்றுக்கு 'டைப்-சி' முனையுடையது வேண்டும். கடையிலேயே பொருத்தி, ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, காதில் மாட்டிக் கேட்ட பின்னரே பணம் கொடுத்தல் நன்று.

ஒலிவாங்கி எத்துணை நல்லதாயினும் அறை தீயதாயின் பயனில்லை. வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் குரல் மோதி மீண்டு எதிரொலிக்கும். தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, காமிராவுக்குப் பின்னே கொடியில் இரண்டு கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். பதிவு நடக்கும்வரை விசிறியை நிறுத்துக. சித்திரை மாதத்தில் இது எளிது அன்று. ஆகவே காலை ஏழு மணிக்கே பதிவு செய்வோர் அறிவுடையார்!

ஒளியைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. ஆசிரியர் சன்னலை நோக்கி நிற்றல் வேண்டும். சன்னல் அவர்க்குப் பின்னே இருந்தால் முகம் கருகிக் காணும். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தினால் நிழல் மென்மையாகும். மின்விளக்கின் ஒளியில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. அதனால் பல விளக்குகள் நம் கண்ணுக்குத் தோன்றாதவாறு நொடிக்கு 100 முறை மின்னி மங்குகின்றன. காமிராவை நொடிக்கு 25 படம் என்றும், ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் நேரத்தை ஐம்பதில் ஒரு நொடி என்றும் அமைத்தால் அம்மினுக்கல் படத்தில் தோன்றாது. அமெரிக்க நாட்டு மின்னோட்டம் 60 முறை அலைவது. அந்நாட்டு வழக்கப்படி அமைந்த நொடிக்கு 30 படம், அறுபதில் ஒரு நொடி என்னும் அமைப்பை இங்கு வைத்தால், படத்தில் பட்டைகள் ஓடக் காணலாம்.

காமிராவைப் பொறுத்தவரை, அண்மைக் காலத்து நல்ல கைப்பேசி ஒன்றே பள்ளித் தேவைக்குப் போதும். அதனை அசையாது நிறுத்தும் மூன்று கால் தாங்கி கட்டாயம் வேண்டும். வேதியியல் சோதனை, தையல், படம் வரைதல் முதலியவற்றைக் காட்ட, மேலிருந்து மேசையை நேராக நோக்குமாறு கைப்பேசியைப் பிடிக்கும் கைத்தாங்கி ஒன்று பெரிதும் உதவும். கணினியை இயக்கும் முறையையே கற்பிப்பதாயின் காமிரா வேண்டா. திரையில் நிகழ்வதை அப்படியே பதியும் 'ஓபிஎஸ்' போன்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' பாடங்கள் இவ்வகையின. திரைப் பதிவும் குரலும் மட்டும் கொண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிட அளவில் அமைந்த அவை, தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் குரல் மாற்றப்பெற்று வழங்குகின்றன. படம் ஒன்றே, குரல் மட்டும் மொழிக்கு மொழி வேறு.

இறுதியாகக் கணினி. காணொளியைப் பார்ப்பதற்கு எளிய கணினி போதுமாயிருக்க, அதனை வெட்டி ஒட்டித் தொகுப்பதற்கு மட்டும் வலிய கணினி வேண்டுவது ஏன்? காணொளிக் கோப்பில் ஒவ்வொரு படமும் முழுமையாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப்படம் இருக்கும். மற்றவற்றில் அண்டைப் படங்களினின்று மாறிய பகுதி மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு படத்தைக் காட்டு என்று நாம் கேட்டால், கணினி முழுப்படத்திலிருந்து தொடங்கிக் கணக்கிட்டு வருதல் வேண்டும். தொகுப்பவர் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பார். கணினி ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். இதனாலேயே விரைந்த செயலியும் 16 ஜிகாபைட் நினைவகமும் நன்மை தரும். 8 ஜிகாபைட் உள்ள கணினியே கிடைத்தாலும் மனம் தளர வேண்டா. பதிவின் சிறிய பிரதி ஒன்றை ஆக்கி, அதன்மேல் தொகுத்து, முடிவில் பெரிய பதிவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 'கேடென்லைவ்', 'ஷாட்கட்' என்னும் இலவச மென்பொருள்களில் உண்டு. பழைய கணினியில் வேலை தாமதமாகும், ஆனால் நடைபெறும். சுழலும் தட்டுக்கு மாற்றாக 'எஸ்எஸ்டி' எனப்படும் திண்மச் சேமிப்பகத்தைப் பொருத்தினால், அக்கணினியே புத்துயிர் பெற்றது போலாகும். புதிய கணினி வாங்கப் பணமில்லாத பள்ளி, முதலில் இதனையே செய்யலாம்.

மேசைக் கணினி நல்லதா, மடிக்கணினி நல்லதா என்னும் வினா அடிக்கடி எழுகின்றது. ஒரே விலையில் மேசைக் கணினியே வலிமை மிக்கது. பிற்காலத்தில் உறுப்புகளை மாற்றிக்கொள்வதும் அதில் எளிது. மடிக்கணினியோ மின்சாரம் நின்றாலும் நில்லாது. மின்வெட்டு மிக்க ஊரில், தனி மின்கல அமைப்பு இன்றி மேசைக் கணினியை வாங்குதல் தகாது. திரையைப் பதியும்போது மற்றொன்றும் கருதற்பாலது. 'எம்பி4' வடிவில் பதிந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், கோப்பு முழுவதும் திறக்க இயலாது கெடுவதுண்டு. 'எம்கேவி' வடிவில் பதிந்தால், நின்ற நொடி வரை பதிந்தது எஞ்சும். பின்னர் அதனை மாற்றிக்கொள்ளலாம்.

சேமிக்கும் இடத்தையும் முன்னரே கணக்கிட வேண்டும். நொடிக்கு 24 மெகாபிட் அளவில் பதியும் காமிரா, ஒரு மணி நேரத்தில் 10.8 ஜிகாபைட் இடத்தை நிரப்பும். முடிந்த பாடத்தை மாணவர்க்கு அனுப்பும்போது நொடிக்கு ஒரு மெகாபிட் அளவுக்குச் சுருக்கினால், பத்து நிமிடப் பாடம் 75 மெகாபைட்டில் அடங்கும். எழுதிய பக்கம் அசையாது நிற்கும் பாடம் இச்சுருக்கத்தை எளிதில் தாங்கும். முடிந்த பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவுகளை அழித்துவிடுவோர் உளர். அவ்வாறு செய்தல் கூடாது. வெளியே இணைக்கும் வன்தட்டுகள் இரண்டு வாங்கி, இரண்டிலும் மூலப் பதிவின் பிரதியை இட்டு, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை வேறோரிடத்திலும் வைத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு பாடநூலில் ஒரு படமோ ஒரு கணக்கோ மாறினால், ஆசிரியர் அப்பகுதியை மட்டும் புதிதாகப் பதிந்து பழையதனோடு இணைத்துவிடலாம். ஒலிவாங்கி இருந்த இடமும், தாங்கியின் கால்கள் நின்ற இடமும் தரையில் சுண்ணக்கட்டியால் குறிக்கப்பெற்று, அளவுகள் ஏட்டில் எழுதி வைக்கப்பெற்றிருந்தால், புதியது எது பழையது எது என்று மாணவன் அறியான்.