தண்ணீர் வடிந்த பிறகும் தன்னார்வலர்கள் வர...

கேள்வி: வெள்ளம் வந்தால் எங்கள் அமைப்புக்கு இளைஞர்கள் திரண்டு வருகிறார்கள், தண்ணீர் வடிந்ததும் யாரையும் காணோம். அவர்களை எப்படித் தக்கவைப்பது?
– ஒரு வாசகி, மணலி புதுநகர்

பதில்: குறை அவர்களிடம் இல்லை. வெள்ளத்தில் வேலை கண்ணெதிரே தெரிகிறது; மற்ற நாட்களில் அதை நீங்கள்தான் வகுத்துத் தர வேண்டும்.

தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைப் பாருங்கள். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். வீட்டருகிலேயே வகுப்பு, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஆளுக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. என்ன வேலை, எங்கே, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் முன்கூட்டியே தெளிவாக இருந்தன.

நீங்களும் அப்படித் தெளிவாகச் சொல்லி உதவி கேளுங்கள். உங்கள் ஊரில் பலருக்கு ஷிப்ட் வேலை. அவரவர் ஓய்வு நாளை விசாரித்துப் பொறுப்பு கொடுங்கள். பஸ் செலவு அவர்கள் தலையில் விழக் கூடாது. மழை இல்லாத நாட்களிலும் கொடுக்க வேலை உண்டு: பூண்டி ஏரியில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு பெருகும் ஊர் உங்களுடையது. அதனால் முதியோர், கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளைத் தெருவாரியாக இப்போதே கணக்கெடுக்கச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் கூட்டத்திலும் தன்னார்வலர்களை உட்கார வையுங்கள். பொறுப்பும் மரியாதையும் கிடைக்கும் இடத்தை இளைஞர்கள் விட்டுப் போவதில்லை. அடுத்த மழைக்குக் காத்திராமல் இந்த வாரமே தொடங்குங்கள்.