டெல்லிக் குளிரில் தெருவில் உறங்குபவருக்கு உதவுவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்கிலிருந்து டெல்லிக்கு வேலைக்கு வருகிறவருக்கு முதல் குளிர்காலம் தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே போய்விடும். சரோஜினி நகரில் ஜாக்கெட், லஜ்பத் நகரில் தெர்மல் உள்ளாடை, கரோல் பாக்கில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை, குளியலறைக்கு கீசர் என்று ஒவ்வொன்றாக வாங்கி முடிப்பதற்குள் மாசி பிறந்துவிடும். இரண்டாவது குளிரில்தான் கண் வெளியே போகும். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே, காஷ்மீரி கேட் பாலத்தடியில், ஆசஃப் அலி சாலையின் நடுத்திட்டில் தலையோடு கால் மூடிக் கிடக்கும் மூட்டைகள் மனிதர்கள் என்று அப்போதுதான் உறைக்கும்.

உடனே எழும் யோசனை எல்லோருக்கும் ஒன்றுதான். நாலு பேர் காசு போட்டுக் கம்பளி வாங்கிக் கொடுத்துவிடலாம். நல்ல யோசனைதான். அதில் செய்யும் தவறுகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். அநேகமாக எல்லாவற்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதல் படி: குளிரைப் படியுங்கள்

சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் குளிர் அலை என்கிறது. 2 டிகிரிக்கு இறங்கினால் கடும் குளிர் அலை. 2021 புத்தாண்டு விடியலில் சஃப்தர்ஜங் நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. மறுநாள் செய்தித்தாள்கள் எல்லாம் அந்த எண்ணைத்தான் போட்டன.

தெருவில் இருப்பவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அவருக்கு இரவைவிடப் பகல் முக்கியம். நடைபாதையில் வாழ்கிற பலர் இரவெல்லாம் விழித்துக் குந்தியிருந்து, பத்து மணிக்கு வெயில் ஏறியபின் பூங்காவிலோ சாலைத் திட்டிலோ படுத்து உறங்குகிறார்கள். அந்த வெயில்தான் அவர்களுக்கு ரஜாய். மூடுபனி இறங்கி வெயில் வராமல் போனால் உடம்பு இழந்த சூட்டை மீட்க வழியே இல்லை. 2019 டிசம்பர் 30 அன்று டெல்லியில் பகலின் உச்சமே 9.4 டிகிரிதான். அப்படிப்பட்ட நாட்களை வானிலைத் துறை 'குளிர் பகல்' என்று தனியாக அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு இரண்டு நாள் தொடர்ந்து வந்தால், உங்கள் வண்டியை எடுக்க வேண்டிய நேரம் அது. மேற்கத்தியக் காற்றுச் சலனம் கொண்டுவரும் ஜனவரி மழையும் அப்படித்தான். மழை ஓய்ந்தபின் வடமேற்கிலிருந்து வாடை வீசும். நனைந்த துணியோடு அந்தக் காற்றில் அகப்பட்டவருக்கு 8 டிகிரியே போதும், உயிரெடுக்க.

இரண்டாம் படி: ஓர் இரவு வெறுங்கையோடு நடங்கள்

இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். கையில் எதுவும் இல்லாமல், டிசம்பர் தொடக்கத்திலேயே, இரண்டு பேராக, ஒரே வட்டாரத்தை மூன்று வேளை சுற்றிப் பாருங்கள்: இரவு எட்டு மணி, நள்ளிரவு, விடிகாலை நாலு.

எட்டு மணிக்குப் போனால் கன்னாட் பிளேஸ் அனுமார் கோயிலருகே கம்பளி வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒருவருக்கே மூன்று கம்பளி கிடைக்கும். நாலு மணிக்கு ஒரு வண்டியும் இருக்காது. குளிர் உச்சத்துக்கு வருவதோ விடியலுக்குச் சற்று முன்புதான்.

யார் யார் கிடக்கிறார்கள் என்பதும் அப்போது தெரியும். சாந்தினி சௌக்கைச் சுற்றிச் சுமை தூக்குபவர்களும் ரிக்‌ஷா இழுப்பவர்களும். எய்ம்ஸ் வாசலில் பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, அடுத்த தேதிக்காகக் காத்திருக்கும் நோயாளிகளும் உறவினர்களும். யமுனைக் கரையில் போதைக்கு அடிமையான இளைஞர்கள். நிஜாமுதீன் பக்கம் குழந்தையோடு பெண்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு டெல்லியில் எண்ணிய வீடற்றோர் ஏறத்தாழ 47 ஆயிரம் பேர். அவர்கள் எல்லோருக்கும் ஒரே தேவை இல்லை. சுமை தூக்குபவருக்குப் படுக்க இடம் வேண்டும். நோயாளியின் மனைவிக்கு வெந்நீரும் கழிப்பறையும் வேண்டும்.

"கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள்" என்ற பேச்சு உங்கள் காதுக்கும் வரும். சிலர் விற்கத்தான் செய்கிறார்கள். காரணத்தைக் கேளுங்கள். பகலில் வேலைக்குப் போகும்போது கம்பளியை எங்கே வைப்பது? மரக்கிளையில் சொருகினால் போய்விடும், நடைபாதையில் விட்டால் குப்பையோடு அள்ளிவிடுவார்கள். தோளில் கம்பளியோடு மூட்டை தூக்க முடியாது. ஆகவே காலையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, இரவில் வாடகைக்கு ரஜாய் எடுத்துக்கொள்கிறார்கள். ஆம், பழைய டெல்லியில் ரஜாயும் கட்டிலும் ஓர் இரவுக்கு வாடகைக்குக் கிடைக்கும். மீனா பஜார் பக்கத்து இந்தத் தூக்க வியாபாரத்தை ஷௌனக் சென் 2015இல் 'சிட்டீஸ் ஆஃப் ஸ்லீப்' என்று ஆவணப்படமாக எடுத்தார். பணம் கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். என் அறிவுரையைவிட அது அதிகம் சொல்லும்.

மூன்றாம் படி: கீழே விரிப்பதை முதலில் வாங்குங்கள்

சிமென்ட் தரையில் படுத்தவரின் சூட்டைத் தரைதான் முதலில் உறிஞ்சும். எத்தனை தடித்த கம்பளியானாலும் உடம்பின் எடைக்கு அடியில் நசுங்கிவிட்டால் அதற்குள் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. ஆகவே மேலே இரண்டு கம்பளி போட்டவரைவிட, கீழே அட்டையும் மேலே ஒரு கம்பளியும் வைத்திருப்பவர் நன்றாகத் தூங்குவார். தெருவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை அவர்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வாங்க வேண்டியவை: ஃபோம் பாய் அல்லது கனத்த சாக்கு, அதற்கு அடியில் விரிக்கத் தார்ப்பாய்த் துண்டு, அப்புறம் கம்பளி. காதை மூடும் குல்லாவும் இரண்டு ஜோடிக் காலுறையும் மலிவு, பலன் பெரிது. பணம் கொஞ்சம் கூடினால் கம்பளிக்குப் பதில் ஜிப்பும் உள்பையும் வைத்த ஜாக்கெட் வாங்குங்கள். கம்பளி இடத்தோடு இருக்கும், ஜாக்கெட் ஆளோடு போகும். உள்பையில் ஆதார் அட்டையும் மருந்துச் சீட்டும் பத்திரமாக இருக்கும்.

கம்பளிக்குப் பானிபட். டெல்லிக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மேலைநாட்டார் கழித்துக்கட்டிய கம்பளி உடைகளைக் கிழித்து, மறுபடி நூலாக்கி நெய்யும் ஊர் அது. உலகெங்கும் பூகம்பத்துக்கும் போருக்கும் போன நிவாரணக் கம்பளிகளில் பெரும்பங்கு அங்கே நெய்தவை. இப்போது பாலியெஸ்டரில் செய்த 'மிங்க்' கம்பளிகள்தான் அதிகம். பளபளப்பாக இருக்கும், சீக்கிரம் காயும். ஆனால் தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பருகே படுக்கிறவர்களுக்குப் பழைய முரட்டுக் கம்பளியே மேல்.

பழைய துணி கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜெட் புடவையும் அரைக்கை டி-ஷர்ட்டும் குளிர் நிவாரணம் ஆகாது. 1999இல் அன்ஷு குப்தா 67 துணிகளோடு 'கூஞ்ச்' அமைப்பைத் தொடங்கினார். இன்று உங்கள் அலமாரியில் இருப்பதைத் தரம் பிரித்து, உரிய ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது. அங்கே கொடுத்துவிடுங்கள். பெண்களுக்கான உள்ளாடை, சானிட்டரி நாப்கின் இரண்டும் புதிதாக வாங்க வேண்டியவை. பட்டியலில் யாரும் எழுதாததும் இவைதான்.

நான்காம் படி: எழுப்பிக் கொடுங்கள்

உறங்குபவர்மேல் சத்தமில்லாமல் போர்த்திவிட்டு நகர்வது சினிமாவுக்கு அழகு. நிஜத்தில் அதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அவர் உறங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று தெரியாமலேயே நீங்கள் அடுத்தவரிடம் போய்விடுவீர்கள்.

இரண்டடி தள்ளி உட்காருங்கள். நின்றபடி டார்ச் அடிக்காதீர்கள். "பையா, சாய் பியேங்கே?" (அண்ணா, டீ குடிக்கிறீர்களா?) போதும். வயதானவரானால் 'பாபா', பெண்ணானால் 'மாதாஜி', 'தீதி'. 'தும்' (நீ) வேண்டாம், 'ஆப்' (நீங்கள்) என்றே பேசுங்கள். அவர் பதில் சொன்னால் பாதிப் பரிசோதனை முடிந்தது. பெண்கள் படுத்திருக்கும் இடத்துக்கு ஆண்கள் மட்டுமாகப் போக வேண்டாம். புகைப்படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் காட்டவேண்டும் என்றால் வாங்கிய ரசீதைப் படமெடுங்கள். வேண்டாம் என்பவரிடம் வற்புறுத்தவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆபத்தின் அறிகுறிகள்

உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது தாழ்வெப்பநிலை. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்: நடுங்குகிறவரைவிட, நடுக்கம் நின்றுபோனவர் அதிக ஆபத்தில் இருக்கிறார். நடுக்கம் என்பது உடம்பு சூடு உண்டாக்கும் முயற்சி. ஆள் தேறாமல் அது நின்றுபோனால், உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாக்குக் குழறும், தள்ளாடுவார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவார். பார்ப்பவர்கள் "குடித்திருக்கிறான்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அவர் குடித்தும் இருக்கலாம், அப்படியானால் ஆபத்து இரட்டிப்பு. சாராயம் தோலடி ரத்தக் குழாய்களை விரிக்கும். குடித்தவருக்குச் சூடாக இருப்பதுபோல் தோன்றும், உள்சூடோ வெளியே ஓடிக்கொண்டிருக்கும். குளிருக்கு ஒரு மடக்கு நல்லது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அப்படி ஒருவரைக் கண்டால் 112ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காற்றுப் படாத இடத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். இழுக்கவோ உலுக்கவோ கூடாது. குளிர்ந்த இதயம் முரட்டு அசைவில் தாளம் தவறும். ஈரத் துணியைக் களைந்துவிட்டுத் தலை, கழுத்து, மார்பை முதலில் போர்த்துங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அக்குளிலும் மார்பிலும் வையுங்கள். முழு நினைவோடு இருந்து, தானே விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கூடப் போட்ட சாயா கொடுக்கலாம்.

உடல் ஜில்லிட்டு விறைத்திருந்தாலும் இறந்துவிட்டார் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். குளிர்ந்த உடம்பில் நாடி அத்தனை மெதுவாக ஓடும், விரலுக்கு அகப்படாது. மூச்சு இல்லையென்றால் 112இல் பேசுபவர் சொல்லச் சொல்ல மார்பை அழுத்துங்கள். சூடேற்றிப் பார்த்தபின் மருத்துவர் சொல்லட்டும்.

ஆறாம் படி: நெருப்பு

திறந்த வெளியில் மூட்டம் போட்டுக் காய்வதை நீங்கள் தடுக்க முடியாது. நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிய குடிசைக்குள் அங்கீட்டி என்னும் கரியடுப்பில் கரி போட்டு உறங்குவதை மட்டும் கட்டாயம் தடுக்கப் பாருங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, உறங்குபவரை எழுப்பாது. வாசல் பக்கத் தார்ப்பாயை ஒரு முழம் தூக்கிக் கட்டிவிட்டு, உறங்கும் முன் அங்கீட்டியை வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: ரைன் பசேரா வரை கூடப் போங்கள்

இரவுத் தங்குமிடத்துக்கு டெல்லியில் ரைன் பசேரா என்று பெயர். நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் இவற்றை நடத்துகிறது. குளிர் மாதங்களில் கூடுதலாகக் கூடாரங்களும் போடுவார்கள். கட்டணம் கிடையாது. இவை கருணையில் முளைத்தவை என்று நினைக்க வேண்டாம். 2001இல் தொடங்கிய உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் இவற்றின் எண்ணிக்கை கூடியது. நகரில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று, அதில் நூறு பேர் தங்க இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று பிறகு மத்திய அரசுத் திட்டமே அளவு வகுத்தது. உள்ளே போய் ஒரு முறை கண்ணால் அளந்து பாருங்கள், நெருக்கம் தெரியும்.

பலர் அங்கே போக மறுப்பார்கள். "பிடிவாதம்" என்று எழுதிவிடாதீர்கள். ரிக்‌ஷாவை வெளியே விட்டால் காலையில் இருக்காது. கணவனும் மனைவியும் பிரிந்து வெவ்வேறு கூடத்துக்குப் போகவேண்டும். மூட்டைப்பூச்சி, திருட்டு. கூலிக்கு ஆள் எடுக்கும் சௌக் தூரம். நாயை விட்டு வர மனமில்லை. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தீர்த்து வைக்க முடிந்தால் பத்துக் கம்பளி கொடுத்ததற்குச் சமம். ரிக்‌ஷாவுக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கித் தந்து ஒருவரை உள்ளே அனுப்ப முடிந்தது எனக்கு.

எட்டாம் படி: உங்கள் வாசல் காவலாளி

எல்லாம் படித்துவிட்டு யமுனைக் கரைக்குக் கிளம்பும் முன், உங்கள் குடியிருப்பின் கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். காற்று மாசுக் கட்டுப்பாட்டுக்கான 'கிராப்' விதிகளே, காவலாளிகள் விறகெரிக்காதபடி குடியிருப்போர் சங்கம் மின்சார ஹீட்டர் தரவேண்டும் என்கின்றன. அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். சண்டை வரும், வரட்டும்.

கடைசிப் படி: மார்ச்

ஹோலிக்குப் பின் நடைபாதையெங்கும் கம்பளிகள் அழுக்கேறிக் கேட்பாரற்றுக் கிடக்கும். பணம் கொடுத்த யாரும் அப்போது வருவதில்லை. நீங்கள் போங்கள். நவம்பரிலேயே கம்பளி மூலையில் சிவப்பு நூலில் ஒரு தையல் போட்டிருந்தால் உங்களுடையது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றும் தெரியும். "கோடைக்கு நான் வைத்திருக்கிறேன், தீபாவளிக்குத் தருகிறேன்" என்று கேட்டு வாங்கி, அவர் பெயரை ஒரு துணித்துண்டில் எழுதித் தைத்து, வெந்நீரில் துவைத்துக் காயவைத்து, பாச்சை உருண்டை போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். தீபாவளி முடிந்த வாரம் இறக்கி மொட்டை மாடியில் விரியுங்கள். பாச்சை உருண்டை வாடை போக ஒரு முழுப் பகல் வெயில் வேண்டும்.