கண்ணும் காதும் ஒத்துப்போனால்…
மெய்நிகர் விளையாட்டுகளில் குமட்டலைக் குறைக்கும் வழிகள்

மெய்நிகர் உலகைக் கண்முன் விரிக்கும் வி.ஆர். ஹெட்செட்டுகள் வணிக வளாகங்களின் விளையாட்டுக் கூடங்களைத் தாண்டி இப்போது இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டன. அவற்றை முதன்முறை அணிவோரில் பலர் சில நிமிடங்களிலேயே கழற்றி வைத்துவிடுகின்றனர். நெற்றியில் வியர்வை, வயிற்றில் புரட்டல், தலைச்சுற்றல், சிலருக்கு வாந்தி. ரொக்கமாகவோ மாதத் தவணையிலோ வாங்கிய கருவி அதன்பின் அலமாரியில் முடங்குகிறது.

இது உடலின் பலவீனம் அன்று. பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடித் தீர்க்க வேண்டிய ஒன்றும் அன்று. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், பெரும்பாலானோர் இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இரு சாட்சிகள், இரு வாக்குமூலங்கள்

நமது உட்செவி கேட்பதற்கு மட்டும் உரியதன்று. உடலின் சமநிலையைக் காப்பதும் அதன் பணியே. அங்குள்ள மூன்று அரைவட்டக் குழல்களில் நிறைந்திருக்கும் திரவம், தலை திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. அவற்றை அடுத்துள்ள நுண்பைகளில் அமைந்த சுண்ணாம்புப் படிகங்கள், உடல் முன்னோக்கியோ மேல்நோக்கியோ விரைவதையும் புவியீர்ப்பின் திசையையும் தெரிவிக்கின்றன. இச்செய்திகளைக் கண்களும் தசைகளும் தரும் செய்திகளோடு ஒப்பிட்டே, நாம் அசைகிறோமா நிற்கிறோமா என்பதை மூளை முடிவு செய்கிறது.

இரயில் நிலையத்தில் நம் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்து வண்டி புறப்பட்டால், நாமே நகர்வதுபோல் ஒரு கணம் தோன்றும். கண் எவ்வளவு எளிதில் மூளையை நம்பவைத்துவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

மலைப்பாதையில் பேருந்து வளைந்து ஏறும்போது நாளிதழ் படித்தால் வயிறு புரள்வதையும் நாம் அறிவோம். அங்கே உடல் அசைகிறது. தாளில் பதிந்த கண்ணோ அசைவைக் காண்பதில்லை. வி.ஆர். விளையாட்டில் நிகழ்வது இதன் தலைகீழ். கண்முன் உலகம் பாய்ந்தோடுகிறது. உடலோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. 'ஓடுகிறோம்' என்று கண் சொல்ல, 'அமர்ந்திருக்கிறோம்' என்று உட்செவி சொல்கிறது. இவ்விரு செய்திகளின் முரண்பாடே குமட்டலுக்கு வித்து என்னும் கோட்பாட்டை ரீசன், பிராண்ட் என்னும் ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினர். உடல் நிலையாக நிற்கத் தடுமாறுவதே முதற்காரணம் என்று கூறுவோரும் உளர். எனினும், உட்செவியின் சமநிலை உறுப்புகள் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் ஏற்படுவதில்லை என்பது, இதில் உட்செவிக்கு உள்ள பங்கை ஐயமின்றிக் காட்டுகிறது.

முரண்பாட்டுக்கு வயிறு ஏன் புரள வேண்டும்? 1977இல் ட்ரைஸ்மன் என்னும் உளவியலாளர் ஒரு கருதுகோளை முன்வைத்தார். நச்சுப்பொருள் உடலில் கலந்தாலும் புலன்கள் குழம்பும். ஆகவே புலன்கள் முரண்படும்போது நஞ்சு உட்புகுந்ததாகக் கருதி, அதை வெளியேற்ற உடல் முற்படுகிறது என்பது அவர் கருத்து.

விமானப் பயிற்சியில் கற்ற பாடம்

இத்தொல்லை விளையாட்டுகளுக்கு முன்பே அறியப்பட்டது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் பயிற்சி பெற்றோருக்குக் குமட்டல் ஏற்பட்டது பதிவாகியுள்ளது. புதிய மாணவர்களைவிட அனுபவம் மிக்க பயிற்றுநர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்பது வியப்புக்குரியது. உண்மையான ஹெலிகாப்டரில் உடல் எவ்வாறு அசையும் என்பதை நன்கு அறிந்தவர்களுக்கு, அந்த அசைவு இல்லாமற்போனது பெரிய முரணாகத் தோன்றியிருக்கலாம். ஆகவே, 'எனக்குக் கார் ஓட்டிப் பழக்கம், எதுவும் ஆகாது' என்ற எண்ணத்தை நாம் நம்பியிருத்தல் கூடாது.

கருவியில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, தாமதம். நாம் தலையைத் திருப்பியதும் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். இந்த இடைவெளி 20 மில்லிவினாடிக்குள் இருத்தல் நலம் என்பது இத்துறையினர் பின்பற்றும் அளவுகோல்.

இரண்டாவது, ஒரு வினாடியில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. 2013இல் வெளிவந்த ஆக்குலஸ் நிறுவனத்தின் முதல் சோதனைக் கருவியில் இது 60 முறையாக இருந்தது. 2016இல் விற்பனைக்கு வந்த ரிஃப்ட் கருவியில் 90 முறையாக உயர்ந்தது. கருவி நன்றாக இருந்தும், அதனுடன் இணைத்த கணினி வேகம் குறைந்ததாயின் காட்சி விட்டுவிட்டு நகரும், குமட்டல் மிகும். அந்நிலையில் காட்சியின் நுணுக்கத்தைக் குறைத்து, ஓட்டத்தைச் சீராக்குவதே நன்று.

மூன்றாவது, பலர் கவனியாது விடுவது: இரு கண்மணிகளுக்கு இடையேயுள்ள தூரம். வயது வந்தோரிடம் இது சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருப்பினும், ஆளுக்கு ஆள் வேறுபடும். குவெஸ்ட் 2 கருவியில் இதற்கென 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகள் உள்ளன. பெண்கள் அதிகம் குமட்டலுக்கு ஆளாவதற்கு, லென்ஸுகளின் இடைவெளி அவர்களது கண்களுக்குப் பொருந்தாமையே முக்கிய காரணம் என்று கே ஸ்டேனி குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கண்ணாடிக் கடையிலேயே இந்த அளவை எடுத்துத் தருவர். ஒரே கருவியை இல்லத்தில் பலர் பயன்படுத்தினால், ஆள் மாறும்போதெல்லாம் அளவையும் மாற்ற வேண்டும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

நம் கால்கள் நகராமல் காட்சி மட்டும் நகரும் விளையாட்டுகளே பெரிதும் தொல்லை தருபவை. கார் பந்தயமும் ரோலர் கோஸ்டரும் இவ்வகையின. நின்ற இடத்திலிருந்தே இசைக்கேற்பக் கட்டைகளை வெட்டும் 'பீட் சேபர்' போன்றவற்றில் கண் காணும் அசைவு நம் உடலின் அசைவே. ஆதலால் முரண் மிகக் குறைவு. தொடங்குவோர்க்கு இத்தகையவையே ஏற்றவை. விற்பனைத் தளத்தில் விளையாட்டு எந்த அளவுக்கு இதமானது என்ற தர மதிப்பு தரப்பட்டிருந்தால், வாங்குமுன் அதைப் பார்ப்பது பணத்தையும் காக்கும்.

நடந்து செல்ல வேண்டிய விளையாட்டாயின், அமைப்புகள் பகுதிக்குச் சென்று பின்வரும் மூன்றையும் தேட வேண்டும்.

• தாவிச் செல்லுதல்: சறுக்கிக்கொண்டே நகராமல், குறித்த இடத்துக்கு நொடியில் மாறுவது. 2020இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' விளையாட்டில் இவ்வசதியும் தொடர்ந்து நடக்கும் வசதியும் இரண்டும் தரப்பட்டுள்ளன, தமக்கு இயைந்ததை ஆடுவோர் தெரிந்துகொள்ளலாம்.

• படிப்படியாகத் திரும்புதல்: காட்சி மெல்லச் சுழலாமல், 30 அல்லது 45 பாகை என ஒரே வெட்டில் திரும்புவது. சுழற்சியைக் காணாததால் கண் ஏமாறுவதில்லை.

• பார்வையின் ஓரங்களை மறைத்தல்: நகரும்போது மட்டும் காட்சியின் விளிம்புகள் இருண்டு, நின்றதும் மீண்டும் விரிவது. நகர்வை உணர்த்துவதில் ஓரப்பார்வைக்குப் பெரும் பங்கு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டஸும் ஃபைனரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இம்மாற்றத்தை நுட்பமாகச் செய்தால் பெரும்பாலோர் அதை உணராமலேயே பயனடைவர் என்று காட்டினர்.

பழகும் முறை

உடல் இதற்குப் பழகக்கூடியதே. ஆனால் வற்புறுத்தலால் அன்று, சிறுகச் சிறுகவே. தொடக்கத்தில் 10 நிமிடம் போதும். அடுத்த நாள் மீண்டும் 10 நிமிடம். தொல்லையின்றிச் சில நாள்கள் சென்றபின் நேரத்தைக் கூட்டலாம்.

மிக முக்கியமான விதி ஒன்று: உடல் சூடாவதும் வியர்ப்பதும் வாயில் எச்சில் ஊறுவதும் முதல் அறிகுறிகள், அவை தோன்றிய அக்கணமே ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும். 'இந்தக் கட்டம் முடியட்டும்' என்று தொடர்ந்தால், சில நிமிடத் தொல்லை பல மணி நேரம் நீடிக்கும். அதுமட்டுமன்று; கருவியைக் கண்டாலே வெறுப்புத் தோன்றும் நிலையும் வரலாம்.

எதிரே ஒரு மின்விசிறியைச் சுழலவிடுவது உதவும். குளிர்ந்த காற்று இதம் தருவதோடு, அறையில் எத்திசை நோக்கி நிற்கிறோம் என்பதையும் உணர்த்தும். வயிறு நிறைய உண்டவுடனும், உறக்கமின்றிக் களைத்திருக்கும்போதும், காய்ச்சலின்போதும் விளையாடாதிருத்தல் நன்று. குமட்டலுக்கு இஞ்சி சிலருக்கு இதமளிக்கிறது; ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. பயணத்துக்கென விற்கும் மாத்திரைகளில் பல உறக்கத்தை வரவழைப்பவை. விளையாட்டுக்காக அவற்றை நாமே வாங்கி உண்பது தகாது.

எச்சரிக்கை தேவைப்படுவோர்

வலிப்பு, ஒற்றைத் தலைவலி, உட்செவிக் கோளாறு உடையோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஹெட்செட் அணிய வேண்டும். குழந்தைகளுக்குத் தயாரிப்பாளர் குறிக்கும் வயது வரம்பை மீறலாகாது. சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். 12 வயதுக்குட்பட்டோருக்கு உரியதன்று என அந்நிறுவனமே அறிவித்துள்ளது. குழந்தைகள் குமட்டலைச் சொல்லத் தெரியாமல் சோர்ந்து அமர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருத்தல் அவசியம்.

கருவியைக் கழற்றிய பின்னும் சமநிலைத் தடுமாற்றம் சிறிது நேரம் நீடிக்கலாம். தலை தெளியும் வரை இருசக்கர வாகனமோ காரோ ஓட்டுதல் கூடாது. விளையாட்டுக் கூடத்திலிருந்து வீடு திரும்பும் இளைஞர்களுக்கு இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வாங்குமுன்

ஒரு கருவிக்குச் செலவிட எண்ணுவோர், முதலில் விளையாட்டுக் கூடத்திலோ நண்பரிடத்திலோ அதை இரண்டு மூன்று முறை அணிந்து பார்க்கட்டும். தம் கண்மணித் தூரத்துக்கு அது இசைகிறதா, ஒவ்வாவிடில் திருப்பித் தர இயலுமா என்பவற்றைக் கேட்டறியட்டும். வீட்டில் யார் யார் பயன்படுத்துவர் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். இவ்வளவும் செய்த பின்னும் ஒத்துவராதோர் சிலர் இருப்பர். அவர்களுக்கு மாதத் தவணை தொடங்குமுன் அது தெரிந்துவிடுவதே நன்மை.